இல்லமும் இயந்திரமும்: பின்கதவு ஏன் பிணங்குகிறது?



பொத்தானை அழுத்தினால் தானாக மேலெழுந்து திறப்பதும், மறுபடி அழுத்தினால் தானாக இறங்கிப் பூட்டிக்கொள்வதுமான பின்கதவு இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் புழக்கத்திற்கு வந்துவிட்டது. வளைகுடா நாடுகளில் குடும்பத்தோடு வாழ்வோர் இதனை நெடுங்காலமாகவே அறிவர். நம் நாட்டிலும் டொயோட்டா ஃபார்ச்சூனர், இன்னோவா ஹைகிராஸ் முதலிய வண்டிகளின் உயர்ந்த வகைகளில் இவ்வசதி உண்டு. 2023ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்டு வெளிவந்த டாடா ஹாரியர், சஃபாரி ஆகிய எஸ்.யூ.வி. வண்டிகளின் உயர்ந்த வகைகளிலும் இது இடம்பெற்றது. இரு கைகளிலும் பொருள்களைச் சுமந்து வருவோருக்கும், இடுப்பில் குழந்தையோடு நிற்கும் தாய்மாருக்கும், கையை உயர்த்த இயலாத முதியோருக்கும் இது பேருதவி என்பதில் ஐயமில்லை.

ஆனால் இதே கதவு ஒரு நாள் திறக்க மறுக்கிறது. அல்லது பாதி வழியில் நின்றுவிடுகிறது. அல்லது மூடி முடிக்கும் தறுவாயில் திடீரென்று மேலே கிளம்புகிறது. இல்லத்தலைவர் வெளிநாட்டில் இருக்க, ஊரில் வண்டியைக் கவனிக்கும் பொறுப்பைத் தாமே சுமக்கும் சகோதரிகள் இத்தகைய வேளையில் திகைத்துப் போகின்றனர். பட்டறைக்குக் கொண்டு சென்றால், "மோட்டார் போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும்" என்னும் பதில் சில வேளைகளில் வந்துவிடுகிறது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஒரு சிறு பொத்தான் அணைந்திருந்ததே காரணமாகவும் இருக்கலாம். எது உண்மை என்பதை ஓரளவு நாமே கண்டறியும் வழியை இம்மாதம் காண்போம்.

கதவு எவ்வாறு இயங்குகிறது?

நோயை அறியுமுன் உடலை அறிதல் வேண்டும். நீங்கள் பொத்தானை அழுத்தியவுடன் கதவு உடனே நகர்ந்துவிடுவதில்லை. அந்தக் கட்டளை முதலில் ஒரு சிறிய மின்னணுப் பெட்டிக்குச் செல்கிறது. வண்டி நிற்கிறதா, கியர் 'பார்க்கிங்' நிலையில் உள்ளதா, கதவுகளின் பூட்டு திறந்திருக்கிறதா, பேட்டரியில் போதிய வலு உள்ளதா என்பனவற்றை அப்பெட்டி சோதிக்கிறது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது கட்டளையை ஏற்பதில்லை. ஆகவே கதவு அசையவில்லை என்றால் அது பழுதடைந்துவிட்டது என்று பொருளன்று; அனுமதி கிடைக்கவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

அனுமதி கிடைத்ததும், தாழ்ப்பாளிலுள்ள சிறு மோட்டார் தாழை விடுவிக்கிறது. பின்னர் கதவின் பக்கத்திலுள்ள தண்டு நீண்டு கதவை மேலே தள்ளுகிறது. புதிய வண்டிகளில் இத்தண்டினுள்ளேயே மோட்டாரும் திருகாணியும் அடங்கியிருக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் மோட்டார் பின்தூணிலோ கூரையின் உட்புறத்திலோ மறைந்திருந்து ஒரு நெம்புகோலால் கதவைத் தள்ளும். கதவின் பாரத்தைத் தாங்குவதற்கு கேஸ் ஸ்ட்ரட் எனப்படும் வாயுத்தண்டுகள் தனியே இருக்கும். மோட்டார் எத்தனை முறை சுழன்றது என்பதை ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருப்பதால், கதவு இப்போது எந்த உயரத்தில் உள்ளது என்பதை மின்னணுப் பெட்டி அறிந்துகொள்கிறது.

மூடும்போது கதவு இறங்கி, தாழ் முதலில் பாதியளவு பற்றிக்கொள்ளும். பிறகு தாழ்ப்பாளின் மோட்டார் கதவை இறுக இழுத்து முழுமையாகப் பூட்டும். இடையில் ஏதேனும் தடுத்தால் மோட்டாரின் வேகம் குறைவதைக் கொண்டும், பல வண்டிகளில் கதவின் இரு ஓரங்களிலும் உள்ள உணர்வுப் பட்டைகளைக் கொண்டும் அதை உணர்ந்து கதவு பின்வாங்கிவிடும்.

சற்றும் அசையாத கதவு

முதலில் பார்க்க வேண்டியது, தானியங்கும் வசதியையே நிறுத்தி வைக்கும் தலைமைப் பொத்தான். சில வண்டிகளில் இது முன் இருக்கைக்கு எதிரேயுள்ள சிறு பெட்டிக்குள் இருக்கும். சிலவற்றில் டாஷ்போர்டில் இருக்கும். புதியவற்றிலோ திரையில் தோன்றும் அமைப்புகளின் பட்டியலில் இருக்கும். வண்டியைக் கழுவக் கொடுத்த இடத்திலோ, பிள்ளைகளின் விளையாட்டிலோ அது அணைக்கப்பட்டிருக்கக்கூடும்.

அடுத்து, கதவைத் திறக்கும் எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ரிமோட் சாவி, ஓட்டுநர் அருகிலுள்ள பொத்தான், கதவின் வெளிப்புறப் பொத்தான் என மூன்று வழிகள் பொதுவாக உண்டு. ஓட்டுநர் பொத்தானால் திறந்து, சாவியால் திறக்கவில்லையெனில் குற்றம் சாவியில்தான். அதனுள் இருக்கும் நாணய வடிவப் பேட்டரியை மாற்றினால் போதுமானதாக இருக்கலாம். சாவியாலும் உள்ளிருந்தும் திறந்து, வெளிப்புறப் பொத்தானால் மட்டும் திறக்கவில்லையெனில் அந்தப் பொத்தானில் மழைநீரோ அழுக்கோ புகுந்திருக்கலாம். கடலோர ஊர்களில் உப்புக்காற்று இத்தகைய பொத்தான்களின் உட்பகுதியை விரைவில் அரித்துவிடும். மூன்று வழிகளும் பயனற்றுப் போனால் மட்டுமே பியூஸ், பேட்டரி, மோட்டார் என்று மேலே செல்ல வேண்டும்.

பேட்டரியை ஐயுறுவதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, என்ஜினை இயக்கிவிட்டுக் கதவைத் திறந்து பாருங்கள். என்ஜின் ஓடும்போது கதவு இயங்கி, ஓடாதபோது இயங்கவில்லையெனில் பேட்டரி தளர்ந்துள்ளது என்று கருத இடமுண்டு. நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் பேட்டரி, என்ஜின் ஓய்ந்திருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டால் அது ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது எனலாம். விடுமுறைக்கு ஊர் வரும் வரை வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிகளில் இக்குறை மிகுதி.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பின்

புதுப் பேட்டரி பொருத்திய மறுநாளே பின்கதவு வேலை செய்யவில்லை என்னும் முறையீடு அடிக்கடி எழுவதாகும். இதில் பட்டறைக்காரர் மீது குற்றம் காண வேண்டியதில்லை. மின்சாரம் அறுந்தபோது, கதவு எந்த உயரத்தில் உள்ளது என்னும் நினைவு மின்னணுப் பெட்டியிலிருந்து அழிந்திருக்கும். பல வண்டிகளில் கதவைக் கையால் ஒருமுறை முழுமையாக மூடினாலே அது தன் தொடக்கப் புள்ளியைத் திரும்பக் கற்றுக்கொள்ளும். சிலவற்றில் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்கவும் வேண்டும். உங்கள் வண்டிக்குரிய முறை அதன் கையேட்டில் உள்ளது. இவ்வொரு பக்கத்தைப் படிப்பதால் வீண் செலவு தவிர்க்கப்படுவதுண்டு.

பாதியில் நிற்கும் கதவு

கதவு எப்போதும் ஒரே உயரத்தில் அமைதியாக நின்றுவிடுகிறதா? அவ்வாறாயின் யாரோ உயரத்தைக் குறைத்து அமைத்திருக்கலாம். தாழ்வான கூரையுள்ள கொட்டகைகளுக்காக இவ்வசதி தரப்பட்டுள்ளது. விரும்பும் உயரத்தில் கதவை நிறுத்தி, கதவிலுள்ள பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் ஓர் ஒலி எழும். புதிய உயரம் பதிவாகிவிடும் என்பதே பெரும்பாலான வண்டிகளின் முறை.

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறதா? கதவு கனத்துவிட்டது, அல்லது தள்ளும் வலு குறைந்துவிட்டது என்று பொருள். கதவின்மீது சைக்கிள் மாட்டும் சட்டம் போன்றவற்றைப் பொருத்தியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். பிள்ளைகள் விளையாட்டாகப் பலமுறை திறந்து மூடியிருந்தால், மோட்டார் சூடேறித் தன்னைக் காத்துக்கொள்ளச் சற்று ஓய்வெடுக்கவும் கூடும். சில நிமிடங்கள் விட்டுவிட்டால் அது தானே சரியாகும்.

மூடும் தறுவாயில் மேலெழும் கதவு

இங்கே கதவு தன் கடமையைத்தான் செய்கிறது; ஏதோ தடுப்பதாக அது எண்ணுகிறது. முதலில் தாழ் பற்றும் வளையத்தைப் பாருங்கள். மணல், பிளாஸ்டிக் துண்டு, பையின் வார் ஆகியன அங்கே சிக்கியிருக்கலாம். சுற்றிலுமுள்ள ரப்பர் பட்டை எங்கேனும் பிதுங்கி நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கதவோர உணர்வுப் பட்டை கிழிந்திருந்தாலும் இவ்வாறே நேரும். பின்புறம் சிறு மோதல் நிகழ்ந்த வண்டியாயின் வளையம் சற்றே இடம் பெயர்ந்திருக்கக்கூடும். அதனைப் பட்டறையில்தான் நேராக்க வேண்டும்.

ஒரு நாள் இயங்கி, மறுநாள் இயங்காத கதவு

பழுதுகளில் மிகவும் ஏமாற்றுவது இதுதான். கதவுக்கும் உடற்பகுதிக்கும் இடையே, மேலே கீலின் அருகில் மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் குழாயைக் காணலாம். கதவுக்குச் செல்லும் வயர்களெல்லாம் அதனுள்தான் செல்கின்றன. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை வளைந்து நிமிர்கின்றன. ஆண்டுகள் பல கழிந்ததும் உள்ளே ஒரு வயர் அறுந்து, தொட்டும் தொடாமலும் நிற்கும்.

இதனை இனங்காண ஒரு குறிப்பு உண்டு. பின்கண்ணாடி வைப்பர், நம்பர் பிளேட் விளக்கு, பின்புறக் கேமரா ஆகியவற்றுள் கதவில் பொருத்தப்பட்டவை எவையோ, அவற்றுள் ஒன்றும் அதே காலத்தில் மக்கர் செய்கிறதா என்று கவனியுங்கள். செய்கிறதென்றால் மோட்டாரை மாற்றுவதற்கு முன் அந்த ரப்பர் குழாயைத் திறந்து பார்க்குமாறு மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். வயரை ஒட்டுவதற்கும் மோட்டாரை மாற்றுவதற்கும் உள்ள செலவு வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

காலசைவைக் கண்டு திறக்கும் வகையும் இன்று உண்டு. பம்பரின் கீழுள்ள சென்சார்மீது சேறு படிந்தால் அது உணராது. சாவி உங்கள் பையிலோ சட்டையிலோ இருத்தல் வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். மாறாக, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியின் பின்புறத்தைக் கழுவினால், தண்ணீரின் அசைவைக் காலென்று கருதிக் கதவு திறந்துகொள்வதும் உண்டு. கழுவும்போது சாவியை வீட்டினுள் வைத்துவிடுங்கள்.

மேலே நிற்காத கதவு: இதுவே அபாயம்

இதுவரை கூறியவை தொல்லைகள். இனிக் கூறுவது ஆபத்து. திறந்த கதவு மெல்லத் தாழ்ந்து வருமாயின், அன்றே அதன் பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள். பெரிய வண்டிகளின் பின்கதவு 25 கிலோ அரிசி மூட்டையைவிடக் கனமானதாக இருக்கக்கூடும். அது குனிந்து பொருள் எடுப்பவரின் தலையிலோ பிடரியிலோ விழுந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2015ஆம் ஆண்டு, இதே காரணத்திற்காக 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. ப்யூக் என்க்ளேவ், செவ்ரொலே ட்ராவர்ஸ், ஜி.எம்.சி. அகேடியா, சாட்டர்ன் அவுட்லுக் ஆகியவை அவை. தானியங்கும் பின்கதவின் வாயுத்தண்டுகளில் தூசி படிந்து, அடைப்பு தேய்ந்து, வாயு கசிந்து, திறந்த கதவு திடீரென்று விழக்கூடும் என்பதே குறை. கதவு விழுந்து சிலர் காயமுற்றதாகவும் முறையீடுகள் பதிவாகியிருந்தன. பாலைவனத் தூசியில் ஓடும் வண்டிகளை உடையோர் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் எளிதானது: தண்டின் பளபளப்பான பகுதியை அவ்வப்போது மென்மையான உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். அதில் எண்ணெய்க் கசிவோ கீறலோ தென்பட்டால் காலந்தாழ்த்தாது மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கதவு ஒருபுறமாகத் திருகப்படும். ஆகவே பொதுவாக இரண்டையும் சேர்த்தே மாற்றுதல் நலம்.

வாயுத்தண்டின் வலு வெப்பத்தைப் பொறுத்து மாறும். 40 பாகை செல்சியஸ் வெயிலில் உள்ள வலுவில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு, நீர் உறையும் குளிரில் குறைந்துவிடும். கோடையில் நன்றாக நின்ற கதவு, குளிர்நாடுகளில் வாழும் நம் பிள்ளைகளின் வண்டியில் மார்கழி காலத்தில் தாழ்ந்து வருவதற்கு இதுவே காரணம். தளர்ந்துவரும் தண்டு தன் தளர்ச்சியை முதலில் குளிரில்தான் வெளிப்படுத்தும்.

சோதிக்கும்போது கதவின் அடியில் நில்லாமல் பக்கவாட்டில் நில்லுங்கள். ஒருவர் கதவைத் தாங்கிக்கொள்ள மற்றொருவர் பார்ப்பது சிறந்தது. வாயுத்தண்டினுள் நைட்ரஜன் மிகுந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டுள்ளது. அதனைத் துளைப்பதோ, அறுப்பதோ, நெருப்பில் இடுவதோ கூடவே கூடாது. பழையதைப் பிள்ளைகள் எடுத்து விளையாடும் இடத்தில் போட்டு வைக்காதீர்கள்.

பிள்ளைகளும் துணியும்

தடை உணர்ந்து பின்வாங்கும் பாதுகாப்பை முற்றிலும் நம்பிவிட வேண்டாம். கதவு முழுமையாக மூடும் முன் எஞ்சியிருக்கும் அந்தக் கடைசி இடைவெளியில் அப்பாதுகாப்பு செயல்படாமல் போகலாம் என்று வண்டிக் கையேடுகளே எச்சரிக்கின்றன. சிறு விரல் அகப்படுவது அங்கேதான். தாழ்ப்பாளின் மோட்டார் இறுக்கி இழுக்கும் நேரமும் அதுவே. துப்பட்டியின் ஓரம், முந்தானை, பையின் கயிறு போன்ற மெல்லியவற்றைச் சென்சார்கள் உணர்வதில்லை. எனவே கதவு முழுதும் மூடும் வரை அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவரே பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை இல்லத்தின் விதியாக்குங்கள். வீட்டினுள் இருந்தபடி சாவியை அழுத்துவது வேண்டாம். சாவியை அழும் குழந்தைக்கு விளையாட்டுப் பொருளாகத் தருவதும் வேண்டாம்.

மூடவே மறுக்கும் கதவைத் திறந்தபடியே ஓட்டிச் செல்வோரும் உளர். இது உயிருக்கே உலை வைக்கும் செயல். ஓடும் வண்டியின் பின்புறத்தில் புகையை உள்ளிழுக்கும் காற்றுச் சுழல் உண்டாகிறது. அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பின் இருக்கையில் உறங்கும் பிள்ளைகள் அதனைச் சுவாசிப்பதை யாரும் அறிய இயலாது. தலைமைப் பொத்தானை அணைத்துவிட்டுக் கையால் மூட முயலுங்கள். அதுவும் இயலாதெனில் பட்டறைக்காரரை வீட்டிற்கு அழையுங்கள். அல்லது வண்டியை இழுத்துச் செல்லும் வாகனத்தை வரவழையுங்கள்.

பேட்டரி முற்றிலும் தீர்ந்து, உள்ளே பொருள் மாட்டிக்கொண்டால் கலங்க வேண்டாம். பல வண்டிகளில் பின்கதவின் உட்புறத்தில் ஒரு சிறிய மூடி இருக்கும். பின் இருக்கையைச் சாய்த்து உள்ளே சென்று, அம்மூடியை நீக்கி, அங்குள்ள நெம்பியைத் தள்ளினால் தாழ் விடுபடும். அவ்விடத்தை இன்றே, பகல் வெளிச்சத்தில், பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.

பட்டறையில் பேசும் முறை

ஒரு சிறு குறிப்பேட்டில் இவற்றை எழுதிச் செல்லுங்கள்: எப்போது தொடங்கியது, எந்தப் பொத்தானால் இயங்குகிறது, எதனால் இயங்கவில்லை, என்ன ஒலி எழுகிறது, வேறு எந்த விளக்கோ கருவியோ உடன் பழுதாகியுள்ளது. "கதவு வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்வோருக்கும், "சாவியால் திறக்கிறது, வெளிப்பொத்தானால் மட்டும் திறக்கவில்லை" என்று சொல்வோருக்கும் பட்டறையில் கிடைக்கும் பதில் வேறு வேறு.

மூன்று கேள்விகளைத் தயங்காது கேளுங்கள். கணினிக் கருவியைப் பொருத்திப் பழுதுக் குறியீட்டைப் படித்தீர்களா? அது எந்தப் பகுதியைக் காட்டியது? கழற்றிய பழைய பாகத்தை எங்களிடம் தருவீர்களா? இவற்றைக் கேட்பது எவரையும் அவமதிப்பதாகாது. நேர்மையான தொழிலாளர் மகிழ்ந்து பதில் தருவார். வண்டி உத்தரவாதக் காலத்திற்குள் இருந்தால் அனுமதி பெற்ற சேவை நிலையத்திற்கே செல்லுங்கள். வெளியில் வயரை வெட்டி ஒட்டினால் உத்தரவாதத்தை இழக்க நேரலாம். நிறுவனமே திரும்ப அழைத்த குறையா என்பதை வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்து விசாரியுங்கள். அவ்வாறாயின் அதனைச் சரிசெய்யும் செலவு பொதுவாக நிறுவனத்தைச் சாரும்.

அயல்நாட்டில் உழைத்து அனுப்பும் பணத்தில் வாங்கிய வண்டி இது. அறியாமையால் அப்பணம் கரையவும் கூடாது. அலட்சியத்தால் ஒரு குழந்தையின் விரல் நசுங்கவும் கூடாது. இவ்விதழை வண்டியின் கையேட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம், நெடுநாள் ஓடாமல் நிற்கும் வண்டியின் டயர்களைப் பேணுவது எவ்வாறு என்பதைக் காண்போம்.